வேலிக்கு வெளியே நின்றவர்

உதகைப் பேருந்து நிலையத்தில் இறங்கும் போதெல்லாம் என் கண்கள் தாமாகவே அருகிலிருக்கும் குதிரைப் பந்தயத் திடலை நாடும். ஒரு காலத்தில் அந்த இடம் முழுவதும் ஏரியாக இருந்தது. ஆட்சியர் ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டுவித்த ஏரி பின்னாளில் சுருங்க, மீட்ட நிலத்தில் பேருந்து நிலையமும் பந்தயத் திடலும் எழுந்தன. அங்கே 1886 முதல் கோடைதோறும் குதிரைகள் ஓடின. 2024 ஜூலையில் மாவட்ட நிருவாகம் அந்த 52 ஏக்கர் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. குத்தகை நிலுவை மட்டும் 822 கோடி ரூபாய் என்று செய்தித்தாள்கள் எழுதின. பூங்கா அமைக்கும் முயற்சி தொடங்கியது. இத்தலாரில் தேநீர்க் கடையில் அமர்ந்து அச்செய்தியைப் படித்தபோது என் மனத்தில் எழுந்தது மகிழ்ச்சியா துயரமா என்று எனக்கே விளங்கவில்லை. என் தந்தை தம் வாழ்நாளின் கோடைகளையெல்லாம் அத்திடலின் வேலிக்கு வெளியே நின்று கழித்தவர்.

உள்ளே அவர் ஒருமுறையும் சென்றதில்லை. உள்ளே செல்வோர் தொப்பியும் கோட்டும் அணிந்தவர்கள். காந்தலில் குடியிருந்த தச்சுத் தொழிலாளியான என் தந்தைக்கு வேலியோரமே போதுமானதாக இருந்தது. அங்கே சிலர் சட்டைப்பையில் சிறு நோட்டுடன் உலவுவார்கள். இரண்டு ரூபாயோ ஐந்து ரூபாயோ அவர்களிடம் கொடுத்துக் குதிரையின் பெயரைச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள். குதிரை வென்றால் மாலையில் பணம் கிடைக்கும். அது சட்டத்துக்குப் புறம்பானது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாக நினைவில்லை.

எங்கள் வீட்டுக் கோடைக்கு இரண்டு முகங்கள் இருந்தன. மே மாதத்தில் காந்தல் குருசடித் திருவிழா வரும். மலையெங்கும் இருந்து மக்கள் நடந்தே வருவார்கள். அம்மா நாள்முழுதும் செபமாலையும் கையுமாக இருப்பார். அதே மாதத்தில்தான் பந்தயங்களும் உச்சத்தில் இருக்கும். திருச்சிலுவையின் அடியில் படைவீரர்கள் ஆண்டவரின் ஆடைக்காகச் சீட்டுப் போட்ட பகுதி வாசிக்கப்படும் போதெல்லாம் அம்மா ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்ப்பார். அப்பா கூரையைப் பார்ப்பார்.

அவர் சோம்பேறியல்லர், குடிப்பழக்கமும் இல்லை. அவர் செய்த நாற்காலிகள் இன்றும் உதகையில் சில வீடுகளில் இருக்கின்றன. குதிரைகளைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் படித்தவர்களும் வாய்மூடிக் கேட்பார்கள். இக்குதிரையின் தாய் எது, சென்ற ஓட்டத்தில் எவ்வளவு எடை சுமந்தது, ஈரத் தரையில் எப்படி ஓடும், ஜாக்கி யார் என்பவையெல்லாம் விரல் நுனியில் இருந்தன. “இது சூதாட்டம் இல்லை, படிப்பு” என்பார்.

இந்த இடத்தில் நான் இதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1967-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவுக்கு அவசர வேலை வந்துவிட்டால் பணத்தையும் குதிரையின் பெயர் எழுதிய தாளையும் என்னிடம் கொடுத்து அனுப்புவார். ஒரு சனிக்கிழமை அவர் தந்த ஐந்து ரூபாயை நான் வேலியோரத்து மனிதரிடம் கொடுக்கவில்லை. அன்று காலை வீட்டில் அரிசி இல்லாததும், அம்மா பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியதும் கண்ணில் நின்றன. குதிரை தோற்றது. பணத்தை அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் மிளகுக்கடியில் வைத்தேன். அம்மா கண்டெடுத்து, தாமே வைத்து மறந்ததாக எண்ணி மகிழ்ந்தார். நான் வீரனானேன். அடுத்த வாரமும் அவ்வாறே செய்தேன். அன்று குதிரை வென்றது.

மாலையில் அப்பா கையை நீட்டியபோது உண்மையைச் சொல்லி அழுதேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. நெடுநேரம் அமர்ந்திருந்துவிட்டு, “என் கணக்கு சரியாகத்தானே இருந்தது?” என்றார். கோபமில்லை, ஒருவித ஒளிதான் முகத்தில் தெரிந்தது. அந்த வாரத்திலிருந்து அவர் இருமடங்கு பணம் வைக்கத் தொடங்கினார். கிடைக்காத அந்த வெற்றிதான் அவருடைய அறிவுக்குச் சான்றாகிவிட்டது. அடுத்த ஆண்டு அம்மாவின் கழுத்துச் சங்கிலி அடகுக்குச் சென்றது, மீளவில்லை.

1974-இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அம்மா குருசடிக்குச் சென்று மெழுகுதிரி ஏற்றினார். ஆனால் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது, சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது, குதிரைகள் ஓடிக்கொண்டே இருந்தன. இறுதித் தீர்ப்பு வந்தது 1996 ஜனவரியில். அப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. குதிரைப் பந்தயம் குருட்டு வாய்ப்பன்று. குதிரையின் பயிற்சியும் சவாரி செய்பவனின் திறமையுமே அதில் முதன்மையானவை. எனவே அது சூதாட்டமாகாது என்பது தீர்ப்பின் சாரம். படித்து முடித்ததும் எனக்கு ஏற்பட்ட முதல் எண்ணம், நீதியரசர்கள் என் அப்பாவின் வாதத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அத்தீர்ப்பின் வாதத்தில் வலிமை உண்டு. குதிரை ஓடுவது தாயக்கட்டை உருள்வது போன்றதன்று. ஆனால் திறமை யாருடையது என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. ஓடுவது குதிரை; ஓட்டுவது ஜாக்கி. வேலிக்கு வெளியே நிற்பவனின் கையில் இருப்பது அன்றைய கூலி ஒன்றே. அவனுடைய அறிவு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் குதிரையின் கால் இடறுவதை அது தடுக்காது.

தந்தையின் கதையோடு இது முடிந்திருந்தால் இக்கட்டுரை எழுதப்பட்டிராது.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் இத்தலாரில் தங்கை வீட்டை ஒட்டிய சிறு வீட்டில் இருக்கிறேன். தங்கைக்கு ஓர் ஏக்கர் தேயிலை உண்டு. எமரால்டு பக்கமிருந்து வரும் காற்றில் மாலையானால் கை விறைக்கும். ஆயினும் அவள் இலை பறிப்பதை ஆளிடம் விடமாட்டாள். அவளுடைய மகனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. நல்ல பையன், பந்து வீசுவான், சுற்றுவட்டாரத்து ஊர்த் திடல்களில் அவன் பெயர் தெரியும். ஊருக்கு ஊர் நடக்கும் ‘பெட் மேட்ச்’ அவனுக்குப் பழக்கமானதே. இரு அணியும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, வென்றவர் எடுத்துக்கொள்வது. அதை நான் பெரிதாகக் கண்டித்ததில்லை. தோற்றவர்களும் சேர்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிற ஆட்டம் அது.

2023 கோடையில் ஐ.பி.எல். நடந்துகொண்டிருந்தது. ஓர் இரவு அவன் என் வீட்டுக் கதவைத் தட்டினான். “மாமா, ஒரு இருபதாயிரம் இருக்குமா? அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்” என்றான். இருக்கையில் அமரவும் இல்லை. மெல்ல மெல்ல விஷயம் வெளிவந்தது. கைபேசியில் ஒரு செயலி. எங்கிருந்து இயங்குகிறது என்று அவனுக்கே தெரியாது. அடுத்த பந்து நான்கா, விக்கெட்டா என்று ஒவ்வொரு பந்துக்கும் பணம் வைக்கலாம். முதல் வாரத்தில் மூவாயிரம் வென்றிருக்கிறான். பிறகு தோல்வி, தோல்வியை மீட்கக் கடன், கடனை அடைக்க வேறொரு செயலியில் கடன். மொத்தம் 1,40,000 ரூபாய்.

கடிந்துகொள்ள வாயெடுத்தேன். அதற்குள் அவன் சொன்னான்: “இது அதிர்ஷ்டம் இல்லை மாமா. எனக்கு ஆட்டம் தெரியும். யார் எந்தப் பந்தில் அடிப்பான் என்று எனக்குத் தெரியும்.”

காந்தல் வீட்டின் கூடம் என் கண்முன் வந்துபோனது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வழக்கம்போல் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். அந்த மாதம் தங்கைக்குப் பச்சை இலைக்குக் கிடைத்தது கிலோவுக்கு 17 ரூபாய். 1,40,000 ரூபாய்க்கு எட்டாயிரம் கிலோவுக்கும் மேல் இலை வேண்டும். அவள் கையால் பறிப்பது நாளொன்றுக்கு இருபத்தைந்து கிலோ. ஞாயிறும் திருநாளும் விட்டால் ஓராண்டுக்கு மேல் அவள் குனிந்து நிமிர வேண்டும். அதில் உரமும் உணவும் சேரவில்லை.

இந்த நோய் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது நான் கண்டது வியப்பளித்தது. 2017-இல் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம், கைபேசியில் கற்பனை அணி அமைத்துப் பணம் கட்டும் ஆட்டம் திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. அதற்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது நம் சென்னைக் குதிரைப் பந்தய வழக்கின் 1996 தீர்ப்பை. தமிழ்நாடு 2021-இல் இயற்றிய தடைச் சட்டம் அதே ஆண்டில் செல்லாது எனப்பட்டது. பல உயிர்கள் போனபின் 2023 ஏப்ரலில் மற்றொரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகக் கருதிய பகுதியை அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் நீக்கியது. உதகையிலும் கிண்டியிலும் ஓடிய குதிரைகளின் குளம்படி கைபேசிக்குள்ளிருந்து கேட்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது.

அரசுகளை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. ஆனால் அவற்றின் கை முற்றிலும் தூய்மையானதாக இருந்ததில்லை. 1968-இல் நம் மாநில அரசே பரிசுச் சீட்டு விற்கத் தொடங்கி, லாட்டரி தடை செய்யப்பட்ட 2003 வரை தெருவுக்குத் தெரு அது விற்கக் கண்டோம். திருவள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கிய மொழி நம்முடையது.

பந்தயப் பணம் பார்ப்பவனைக் கெடுப்பதோடு நிற்பதில்லை, ஆடுபவனையும் கெடுக்கும். பண்டைய ஒலிம்பியாவில் கி.மு. 388-இல் யூப்போலஸ் என்ற குத்துச்சண்டை வீரன் எதிராளிகளுக்குப் பணம் கொடுத்துத் தோற்கச் செய்தான். பிடிபட்டவர்கள் கட்டிய தண்டத்தில் சீயுஸ் தெய்வத்தின் வெண்கலச் சிலைகள் செய்து, வீரர்கள் அரங்கினுள் நுழையும் வழியில் நிறுத்தினார்கள். பின்வந்தோர் செய்த குற்றங்களால் அச்சிலைகளின் வரிசை நீண்டது. அவற்றின் பீடங்களை இன்றும் காணலாம். அமெரிக்காவில் 1919-ஆம் ஆண்டு பேஸ்பால் இறுதித் தொடரில் சிகாகோ அணியினர் சூதாடிகளிடம் விலைபோனதாகக் குற்றம் சாட்டப்பட்டு எட்டுப் பேர் வாழ்நாள் முழுதும் விலக்கப்பட்டனர். 2000-இல் தென்னாப்பிரிக்க அணித் தலைவர் ஹான்சி குரோனியே சூதாட்டத் தரகர்களிடம் பணம் பெற்றதை ஒப்புக்கொண்டபோது, வகுப்பில் அவரை ஒழுக்கத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறியிருந்த நான் மாணவர்கள் முன் தலைகுனிந்தேன். 2013-இல் ஐ.பி.எல். பந்தய ஊழல் வெளிவந்து, 2015-இல் சென்னை, ராஜஸ்தான் அணிகள் ஈராண்டு விலக்கப்பட்டன. அந்த ஆண்டும் திடல்கள் நிரம்பியே இருந்தன.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் எனக்கு ஒரு வகையில் ஆறுதல் தந்தது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம், திறமையைச் சார்ந்ததாயினும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததாயினும், தடை என்கிறது அது. அடுத்த சில நாள்களில் இந்திய அணியின் சட்டையிலிருந்து ஒரு நிறுவனத்தின் பெயர் மறைந்தது. சட்டத்தை எதிர்த்தும் வழக்குகள் தொடுக்கப்பட்டன. வெளிநாட்டிலிருந்து வரும் செயலிகளை எந்த வேலி தடுக்கும் என்ற ஐயமும் எனக்கு உண்டு. ஆயினும் அப்பாவின் அந்தப் பழைய வாதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு சட்டம் எழுதப்பட்டதே பெரிது.

1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதைப் பற்றிச் சொல்வது பலருக்கு வியப்பாக இருக்கும். பந்தயமும் வாய்ப்பாட்டமும் தம்மளவில் நீதிக்கு மாறானவை என்று அது கூறவில்லை. தனக்கும் பிறருக்கும் வாழ்வுக்குத் தேவையானதை ஒருவனிடமிருந்து அவை பறிக்கும்போதே தீயவை ஆகின்றன என்கிறது. ஆட்டத்தின் வேட்கை அடிமைத்தனமாகும் ஆபத்தையும் சுட்டுகிறது. நீதிமன்றங்கள் குதிரையைப் பார்த்தன. இந்நூல் அரிசிப் பானையைப் பார்க்கிறது. இளைஞனாக இருந்தபோது இது எனக்குத் தெரிந்திருந்தால் அப்பாவோடு வேறுவிதமாகப் பேசியிருப்பேன். திறமை பற்றி அவரோடு வாதிட்டு நான் ஒருமுறையும் வென்றதில்லை.

மருமகனின் கடனைத் தங்கையிடம் மறைக்கவில்லை. மறுநாள் காலை அவனையே சொல்லச் செய்தேன். அவள் அழவில்லை, கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குச் சென்றாள். என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு பகுதியும், அவன் காய்கறி லாரியில் சுமையேற்றிச் சம்பாதித்த கூலியுமாகச் சேர்ந்து, இரண்டே கால் ஆண்டில் கடன் அடைந்தது. இப்போதும் அவன் ஊர்த் திடலில் பந்து வீசுகிறான். கைபேசி அவன் சட்டைப்பையில்தான் இருக்கிறது. மாலை வேளைகளில் அவன் அதைக் குனிந்து பார்க்கும்போது தங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள்; கேட்கமாட்டாள்.

சென்ற மே மாதம் இருவரும் குருசடித் திருவிழாவுக்குச் சென்று திரும்பினோம். இத்தலார் பேருந்துக்காகக் காத்திருந்தபோது, மூடிக்கிடந்த பந்தயத் திடலைக் காட்டி, வேலி இருந்த இடத்தையும், நோட்டுப் புத்தகத்து மனிதர் நின்ற இடத்தையும், ஐந்து ரூபாயின் கதையையும் முதன்முறையாக அவனிடம் சொன்னேன். தாத்தாவைப் பற்றி அவன் அறிந்திருந்தது நாற்காலிகள் மட்டுமே. அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பேருந்து வந்து நின்றபின், படியில் ஒரு காலை வைத்தவாறே திரும்பி, “அந்த ரெண்டாவது வாரம் ஜெயிச்ச குதிரைக்கு என்ன விலை மாமா? ஒன்றுக்கு எத்தனை கொடுத்திருப்பான்?” என்றான்.

ஒன்றுக்கு ஏழு. அறுபது ஆண்டுகளாகியும் எனக்கு நினைவிருக்கிறது. “மறந்துவிட்டது, ஏறு” என்றேன்.