பழுவூர்மேல் விழுந்த பழி

சோழர் காலத்தில் பழுவூரை ஆண்ட சிற்றரசர்களான பழுவேட்டரையர் என்றதும் நம்மில் பலருக்கு மணியம் வரைந்த உருவம்தான் கண்முன் வரும். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் தொடராக வந்தபோது போட்ட படங்கள் அவை. பெரிய மீசை, கம்பீரம், அதற்குள் ஒரு சதிகாரர். 2022இல் திரைப்படமும் வந்து அந்த உருவத்தை இன்னும் ஆழமாகப் பதித்துவிட்டது.

படத்துக்கு அவ்வளவு பலம் உண்டு. இத்தாலியின் பைசா நகரத்து உகொலினோ பிரபு துரோகி என்று குற்றம் சாட்டப்பட்டு, 1289இல் மகன்களோடும் பேரன்களோடும் ஒரு கோபுரத்தில் பட்டினியால் செத்தார். 1773இல் ஜோஷுவா ரெனால்ட்ஸ் அவரை ஓவியமாகத் தீட்டினார். வெறித்த கண்களோடு உட்கார்ந்திருக்கும் கிழவர், சுற்றிலும் துவளும் பிள்ளைகள். அதைப் பார்ப்பவர் மனசில் குற்றமா நிற்கும்? பரிதாபம்தான் நிற்கும். அங்கே ஓவியம் துரோகியைக் காப்பாற்றியது. இங்கே பழி சுமத்திவிட்டது.

நம் துரோகிகளின் கதி காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கோயில் சுவரில் இருக்கிறது. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்கிறது. அவர்கள் சொத்தோடு விடவில்லை. பிள்ளைகள், பேரப்பன்மார், தாய்மாமன்மார், பெண் கொடுத்த மாமனார்கள், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள் என்று உறவுமுறை சொல்லிச் சொல்லிச் சொத்தைப் பறித்திருக்கிறார்கள். படிக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. தங்கையைக் கட்டியவன் என்ன பாவம் செய்தான்?

அந்தக் கல்வெட்டில் பழுவேட்டரையர் பெயர் இல்லை. மைத்துனன் நிலத்தைக்கூட விட்டுவைக்காத ராஜராஜன் ஆட்சியில், பழுவேட்டரையர் கண்டன் மறவன் தம் நாட்டை ஆண்டுகொண்டிருந்தார். பழுவூர்க் கல்வெட்டுகளே அதற்குச் சாட்சி. சதியில் பங்கிருந்தால் அது நடந்திருக்குமா? அன்பில் செப்பேட்டின்படி ஆதித்த கரிகாலனின் கொள்ளுப்பாட்டியே பழுவேட்டரையர் மகள்தான்.

கல்கி எழுதியது புதினம், அவர்மேல் குறையில்லை. அதை வரலாறாக எடுத்துக்கொண்டது நாம்தான். அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே போகிறவர்கள், கீழப்பழுவூர் பக்கம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மேலப்பழுவூரை ஒட்டிய கீழையூர் இரட்டைக் கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். முகமண்டபத் தூண்களைச் சிங்கங்கள் தாங்கி உட்கார்ந்திருக்கின்றன. சுவரெல்லாம் எழுத்து. பழுவேட்டரையர்களைப் பற்றி அந்தச் சுவர் சொல்வதையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.