வால் அடியில் ஒரு சொரசொரப்பு

காசிமேட்டில் ஏலம் முடிந்து கூடைகள் கலைகிற நேரம்தான் எனக்குத் தோது. முழு மீன் எனக்குத் தேவையில்லை. மீன் வெட்டுகிற அக்காக்கள் தூக்கிப் போடும் துடுப்பு நுனி போதும். சுண்டுவிரல் நகமளவு சதையை 95 சதவீத எத்தனாலில் போட்டு, பென்சிலால் பெயரெழுதிய சீட்டையும் உள்ளே இறக்கிவிடுவேன். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். அதை ஒரு பெட்டி மாதிரிகளை இழந்துதான் கற்றேன்.

மீன்களுக்குள் யார் யாருக்குச் சொந்தம் என்று தேடுவது என் வேலை. சேர்ந்த புதிதில் வெள்ளை வவ்வாலையும் கருப்பு வவ்வாலையும் அடுத்தடுத்த ட்யூபில் வைத்தேன். ஏறக்குறைய 650 எழுத்து நீளமுள்ள சிஓஐ மரபணுத் துண்டைப் படித்து உறவு மரம் வரைந்தால், கருப்பு போய்ப் பாறை மீன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. ட்யூப் மாறிவிட்டது என்றே நினைத்தேன். புதுச் சதையெடுத்து மறுபடி செய்தேன். அதே பதில்.

அதற்குப் பிறகுதான் மீனையே ஒழுங்காகப் பார்த்தேன். வால் அடியில் விரலை இழுத்தால் கருப்பில் சொரசொரக்கும். பாறைக்கு இருக்கும் அதே கெட்டிச் செதில் வரிசை, சிறுத்துப்போய் நிற்கிறது. வெள்ளையில் விரல் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டுக்கும் வயிற்றுத் துடுப்பு இல்லை என்பதைச் சொந்தத்துக்குச் சாட்சியாக வைத்திருந்தேன். கருப்பின் குஞ்சுக்கு அது உண்டு. வளர வளர மறைந்துவிடுகிறது. 1795-ல் இதற்குப் பெயர் வைத்த பெர்லின் மருத்துவர் ப்ளோக்கும் வவ்வால் வகை மீன்களுக்கான ஸ்ட்ரோமேட்டியஸ் பேரினத்தில்தான் இதைச் சேர்த்தார். ஏமாந்தவர்களில் எனக்குத் துணை இருக்கிறது.

வெள்ளையின் நிஜச் சொந்தம் இன்னும் வேடிக்கை. வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி, நாடா போல நீண்ட சாவாளை எல்லாம் அதன் பங்காளிகள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை ஒழித்த பேரழிவுக்குப் பின், வெறிச்சோடிய திறந்த கடலில் இந்தக் கூட்டம் மளமளவென்று கிளைத்தது என்று 2013-ல் ஜப்பானின் மசாகி மியா குழு எழுதியது. அந்த வேகம்தான் எங்களுக்குத் தலைவலி. ஒரு பிரிவுக்கும் அடுத்ததற்கும் இடையில் மரபணுவில் மாற்றம் சேர நேரமே இல்லை. யார் முதலில் பிரிந்தது என்று ஒரு மரபணு சொல்வதை இன்னொன்று மறுக்கும். கருப்பின் சொந்தமோ சீலா, மயில்மீன், தட்டையான நாக்கு மீன் வரை போகிறது.

ஒருநாள் வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா, கருப்பு வவ்வால் வவ்வாலே இல்ல, அது பாறை" என்றேன்.

கத்தியை நிறுத்தாமலே கேட்டார்: "அப்ப பாறை விலைக்குக் கேப்பியா தம்பி?"

துடுப்பு நுனியை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.