கவலையும் புகையும்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலராசிரியர் கேட்டபோது, இலக்கியப் பொருள் ஒன்றைப் பற்றியே எழுத எண்ணினேன். சென்ற ஆண்டு நான் சென்றுவந்த ஒரு மரணவீடு அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது.

இறந்தவர் எம் கல்லூரியின் பழைய மாணவர். விடுதியில் என்னோடு ஓரறையில் வாழ்ந்தவர். நுரையீரற் புற்றுநோயால் 46ஆம் வயதிற் காலமானார். முற்றத்திற் கூடியிருந்தோர், "கவலைதான் அவனைத் தின்றது" என்றனர். இடப்பெயர்வு, வீட்டிழப்பு, கடன் என அவருக்குக் கவலைகள் பல இருந்தமை உண்மையே. ஆயினும், நாளொன்றுக்கு இருபது சிகரெட் வீதம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் புகைத்ததை எவரும் எடுத்துரைத்திலர். நானும் வாய் திறந்திலேன். என் சட்டைப்பையிலும் அப்போது ஒரு சிகரெட் பெட்டி இருந்தது.

என் மௌனத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. உயர்தரப் பரீட்சைக்கு முதல்நாள் மாலை, விடுதி மதிலின் பின்னால் நின்று, "பிடி மச்சான், பயம் போய்விடும்" என்று அவருக்கு முதற் சிகரெட்டை நீட்டியவன் நானே.

கவலைதான் இந்நோயைத் தருமாயின் என் பழி குறையும் அன்றோ? அந்த ஆசையோடுதான் இதுபற்றிய நூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். எனக்கு வேண்டிய விடையைச் சொன்னவரும் ஒருவர் இருந்தார். ஹான்ஸ் ஐசங்க் என்னும் புகழ்பெற்ற உளவியலாளர், புற்றுநோய்க்குப் புகையைவிட மனவியல்பும் மன அழுத்தமுமே பெருங்காரணம் என வாதித்தார். அவருடைய ஆய்வுகளுக்குப் புகையிலைக் கம்பனிகள் பணம் வழங்கியமை பின்னர் வெளிப்பட்டது. 2019ஆம் ஆண்டில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் விசாரணை, அவர் கூட்டாக எழுதிய 26 கட்டுரைகள் நம்பத்தகாதன எனத் தீர்ப்பளித்தது.

மறுபுறம், 1950ஆம் ஆண்டிலேயே றிச்சாட் டோல், பிராட்போட் ஹில் என்னும் இருவர், இலண்டன் வைத்தியசாலைகளின் நோயாளரை ஆராய்ந்து, புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவினர். தம் ஆய்வின் முடிவைக் கண்ட டோல் தாமே புகைத்தலைக் கைவிட்டார். ஐரோப்பியர் 1,16,000 பேரைப் பற்றி 2013இல் வெளிவந்த ஆய்வோ, தொழில்சார் மன அழுத்தத்திற்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. புகையிலுள்ள பென்சோபைரீன் முதலிய நச்சுப் பொருள்கள் உயிரணுவின் மரபுப் பொருளைச் சிதைத்தே புற்றை விளைக்கின்றன.

அங்ஙனமாயின் கவலைக்கு இதிற் பங்கே இல்லையோ? உண்டு. மனம் நொந்தவன் கூடுதலாகப் புகைக்கின்றான். விடுதற்கும் பெரிதும் இடர்ப்படுகின்றான். கவலை நம் கையிற் சிகரெட்டைத் தருகின்றது. எஞ்சியதைப் புகை செய்து முடிக்கின்றது.

புகை கவலையைத் தீர்க்கின்றது என்பதும் மயக்கமே. உள்ளிழுத்த நிக்கொட்டின் சில விநாடிகளில் மூளையை அடைகின்றது. இரண்டு மணி நேரத்தில் அதன் அளவு இரத்தத்திற் பாதியாகக் குறைகின்றது. அக்குறைவே பதற்றத்தையும் சினத்தையும் எழுப்புகின்றது. அடுத்த சிகரெட் தணிப்பது முன்னைய சிகரெட் மூட்டிய தீயைத்தான். விடைத்தாள் திருத்தும் இரவுகளில் நான் பெற்ற 'ஆறுதல்' இதுவே. புகைத்தலை விட்டோர்க்கு மனப்பதற்றமும் சோர்வும் குறைகின்றன என 2014இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டியது.

நண்பரின் முப்பத்தொராம் நாள் கிரியை முடிந்த அன்று நானும் விட்டேன். முதல் இரு கிழமைகளும் கொடியவை. மாணவர்மேற் காரணமின்றிச் சினந்தேன். பின்னர் மனம் தெளிந்தது. பிரித்தானிய வைத்தியர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த டோல் குழுவினர் 2004இல் வெளியிட்ட கணக்கின்படி, புகைப்போர் ஏறக்குறையப் பத்தாண்டு ஆயுளை இழக்கின்றனர். 30 வயதில் விடுவோர் அப்பத்தாண்டையும் பெரும்பாலும் மீட்கின்றனர். 40 வயதில் விடுவோர் ஒன்பது ஆண்டுகளையும், 50 வயதில் ஆறு ஆண்டுகளையும், 60 வயதில் மூன்று ஆண்டுகளையும் மீட்கின்றனர். ஆகவே, என் வயதொத்த பழைய மாணவர்களே, காலம் கடந்துவிடவில்லை.

மாணவர்களே, பரீட்சைப் பயம் உங்களுக்கும் வரும். அப்போது ஒரு தோழன் மதிலின் பின்னால் அழைத்து, "பயம் போய்விடும்" என்று கையை நீட்டக்கூடும். அவன் தீயவன் அல்லன். நானும் அன்று தீயவனாக இருந்திலேன். ஆயினும் அதை வாங்காதீர்கள். பயத்தை என்னிடம் வந்து சொல்லுங்கள், இருந்து கேட்பேன்.