மூணு சிலிண்டரில் தாம்பரம்

பல்லாவரம் மேம்பாலத்தை 2020-ல் திறந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். பிறகு அதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்க ஆரம்பித்தது. ஏர்போர்ட் பக்கமிருந்து ஏறினால், பாதி மேட்டில் என் கிழட்டு பத்மினி 'டக்... டக்... புஸ்' என்று இருமும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் முன்னே போகும். பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரிப்பார்.

"இன்ஜினை இறக்கணும் சார்" என்றார் ஒரு மெக்கானிக். ரெண்டு மாசச் சம்பளம்! "வித்துத் தொலைங்களேன்" என்றாள் மனைவி. அப்பா ஓட்டிய வண்டியாச்சே!

தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு பெரியவர் அகப்பட்டார். இன்ஜினை ஓடவிட்டு பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினார். (நீங்கள் செய்யாதீர்கள், தூக்கி அடிக்கும்.) மூன்றுக்கு வண்டி தள்ளாடியது. ஒன்றுக்கு மட்டும்... ம்ஹூம், அசையவில்லை.

"இதான் சார் தூங்குது."

பக்கத்து பிளக்கை அதில் போட்டார். அப்பவும் தூக்கம்தான்.

"இருட்டட்டும்" என்று டீ சொன்னார்.

ஏழு மணிக்கு விளக்கை அணைத்து, பானெட்டைத் திறந்தால்... வெடித்துப்போன ஒயரிலிருந்து இன்ஜின் மேல் நீலப் பொறி தாவிக்கொண்டிருந்தது! பிளக்குக்குப் போகவேண்டிய கரண்ட் பாதி வழியிலேயே இறங்கிவிடுகிறது, டிக்கெட் எடுக்காத பயணி மாதிரி.

புது ஒயர் செட். அன்று ராத்திரியே ஏர்போர்ட் வரை போய்த் திரும்பி, பாலத்தில் ஜம்மென்று ஏறினேன். உச்சியில்தான் பெட்ரோல் முள்ளைக் கவனித்தேன்.