கடைசி நேரக் கணக்கு

பி.காம். படித்தவனுக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்றுதான் தோன்றும். மொய் நோட்டு முதல் கம்ப்யூட்டர் வரை. இந்த வாரம் சொல்லப்போகும் சமாசாரத்தின் பெயரைக் கேட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். 'லிங்க் டைம் ஆப்டிமைசேஷன்'. சுருக்கமாக எல்டிஓ. உங்கள் செல்போனில் ஓர் ஆப் முக்கி முனகுவதற்கும் மடமடவென்று ஓடுவதற்கும் இதற்கும் கொஞ்சம் சம்பந்தம் உண்டு.

முதலில் ஒரு ஜவுளிக்கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தலைமை அலுவலகம் திருச்சியில். கிளைகள் ஸ்ரீரங்கம், மணப்பாறை, வையம்பட்டி. ஒவ்வொரு கிளையிலும் ஒரு கணக்குப்பிள்ளை. அவரவர் கணக்கை அவரவர் சுத்தமாக முடித்து, கட்டு கட்டி அனுப்பிவிடுவார்கள். திருச்சியில் இருப்பவர் கட்டுகளை வரிசையாக அடுக்கி, நூல் கோத்து, அட்டை போட்டு 'முடிந்தது' என்பார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க மாட்டார்.

சாஃப்ட்வேர் தயாராவதும் ஏறக்குறைய இப்படித்தான். பெரிய புரோகிராம் என்றால் ஆயிரக்கணக்கான ஃபைல்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து மெஷினுக்குப் புரிகிற பாஷைக்கு மாற்றுவது கம்பைலர். அதுதான் கிளைக் கணக்குப்பிள்ளை. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் தைப்பது லிங்க்கர். அதுதான் தலைமை அலுவலகத்து அட்டைக்காரர்.

இதில் என்ன கோளாறு? ஸ்ரீரங்கம் கிளை மணப்பாறைக்கு நூறு வேட்டி அனுப்புகிறது. இங்கே விற்பனை, அங்கே கொள்முதல். முதலாளி ஒருவர்தான். வலது பையிலிருந்து இடது பைக்குப் பணம் போனதற்கு இரண்டு பில்! கிளையில் இருப்பவருக்கு இது தெரியாது. எல்லாக் கிளைக் கணக்கையும் ஒன்றாக விரித்துப் பார்ப்பவர்தான் இந்த உள்வரவு, உள்செலவை அடித்துத் தள்ள முடியும்.

கம்பைலரின் நிலைமையும் அதேதான். இரண்டே வரி வேலை இன்னொரு ஃபைலில் இருக்கும். அதை ஒவ்வொரு முறையும் கூப்பிட்டு, போய், வந்து... அதற்கொரு செலவு. அதைவிட, யாருமே கூப்பிடாத பழைய வேலைகளும் 'எங்காவது யாராவது கேட்டால்?' என்ற பயத்தில் மூட்டையில் ஏறிவிடும்.

எல்டிஓ என்ன செய்கிறது என்றால், 'கணக்கை முழுசாக முடிக்காதே, பாதியிலேயே வவுச்சரோடு அனுப்பு' என்கிறது. மணப்பாறை முறுக்கு தெரியுமல்லவா? 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான். அதை எண்ணெயில் இரண்டு தடவை போட்டு எடுப்பார்கள். முதல் தடவை அரைவேக்காடு. ஆறவைத்து மறுபடி போடும்போதுதான் அந்த மொறுமொறுப்பு. எல்டிஓவிலும் கம்பைலர் ஒவ்வொரு ஃபைலையும் அரைவேக்காட்டில் எடுத்து வைக்கிறது. கடைசியில் எல்லாம் ஒன்று சேரும் நேரத்தில், முழுசையும் பார்த்து இரண்டாவது வேக்காடு. இரண்டு வரி வேலை கூப்பிட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிடும். யாரும் கூப்பிடாதது வெளியே போய்விடும்.

இதில் நம்ம ஊர்க்காரர் பங்கும் உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த விக்ரம் அட்வே, அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவரும் அவருடைய மாணவர் கிறிஸ் லாட்னரும் 2000-ல் எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டத்தைத் தொடங்கினார்கள். புரோகிராமை ஒரு தடவை மாற்றியதோடு விட்டுவிடாமல், ஒட்டும்போதும் அதற்குப் பிறகும்கூடச் செப்பனிடலாம் என்பதுதான் அவர்களுடைய 2004-ம் வருஷத்து ஆய்வுக் கட்டுரையின் சாரம். இன்று ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் ஓடுகிற எத்தனையோ விஷயம் அந்தக் கம்பைலர் வழியாக வருகிறது. லினக்ஸ் உலகின் ஜிசிசி கம்பைலருக்கு இந்த வசதி 2010-ல் வந்தது.

'இவ்வளவு நல்லது என்றால் எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே?' என்கிறீர்கள். அங்கேதான் பற்று வருகிறது. எல்லாக் கிளையின் வவுச்சர்களையும் ஒரே மேஜையில் கொட்டினால் மேஜை தாங்க வேண்டாமா? 2011 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை விண்டோஸுக்காகத் தயாரித்தபோது இதுதான் நடந்தது. லிங்க்கருக்குக் கிடைத்த 3 ஜிபி மெமரியும் நிரம்பி, வேலை நின்றுபோனது. சில பகுதிகளுக்கு அந்த வசதியை அணைத்து வைத்துத்தான் நிலைமையைச் சமாளித்தார்கள்.

பிறகு 2016-ல் 'தின் எல்டிஓ' வந்தது. கணக்குப்பிள்ளை பாஷையில் சொன்னால், ஒவ்வொரு கிளையிலிருந்தும் முழுப் புத்தகம் வேண்டாம், ஒரு பக்கச் சுருக்கம் போதும். சுருக்கங்களைச் சேர்த்துப் பார்த்து, எந்தக் கிளைக்கு எந்த வவுச்சர் தேவையோ அதை மட்டும் வரவழைத்து, எல்லாக் கிளையும் ஒரே நேரத்தில் கணக்கு முடிக்கலாம். ஏறக்குறைய அதே பலன், ஆனால் மேஜை உடையாது.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? என் அக்கா வீடு வையம்பட்டி. திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகிற வழியில், மணப்பாறை தாண்டி. அக்கா பையன் கம்ப்யூட்டர் இன்ஜினீயர். 2020 ஊரடங்கில் லேப்டாப்போடு ஊருக்கு வந்தவன், அங்கேயே தங்கிவிட்டான். போன வருஷம் போயிருந்தபோது, மெஷினை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, கோவிச்சுக்கிட்டியா அதுகிட்ட?"

"இல்ல மாமா, லிங்க் ஆகுது. கரன்ட் போறதுக்குள்ள முடியணும்."

அவன் கம்பெனி தயாரிக்கும் ஆப், ரசீதைப் படம் பிடித்தால் எண்களைப் படித்துக் கணக்கில் ஏற்றும். அதை வாடிக்கையாளர்களில் ஒருத்தியாக உபயோகிப்பவர் வேறு யாருமில்லை, என் அக்காதான். மகளிர் சுயஉதவிக் குழுவில் ஊக்குநர். மாதக் கூட்டத்தில் பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, அக்காவின் பழைய போன் திக்கித் திணறும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் 'இடம் இல்லை' என்று சொல்லும். அக்கா பேத்தியின் போட்டோக்களை ஒவ்வொன்றாக அழித்து இடம் பண்ணுவாள். "இதுக்கு நோட்டே தேவலாம்" என்று குழுவில் முணுமுணுப்பு வேறு.

எல்டிஓ போடலாம் என்று பையன் ஆபீஸில் கேட்டிருக்கிறான். சேர்க்க வேண்டியது செட்டிங்கில் ஒரே ஒரு வரி. மேனேஜர் மறுத்துவிட்டார். அவர் சொன்ன காரணங்கள் ஒன்றும் தப்பில்லை. ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டும். மெஷின் வாடகை ஏறும். மூன்றாவதுதான் நிஜமான பயம். சோதனைக்குப் போட்டுப் பார்த்ததில் எச்சரிக்கை ஒன்று வந்தது. ஒரே பெயரில் ஒரு படிவம். ஒரு ஃபைலில் ஏழு கட்டம், இன்னொன்றில் எட்டு கட்டம். இதுவரை ஏதோ அதிர்ஷ்டத்தில் ஓடியிருக்கிறது.

"ஓடிட்டிருக்கிற வண்டியை ஏன் பிரிக்கணும்? போன் எல்லாம் வருஷா வருஷம் வேகமாயிட்டுத்தானே இருக்கு?" என்றாராம்.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கிளைக் கணக்கு தனித்தனியாக இருக்கும்வரை எல்லாம் டேலி ஆகும். ஒன்றாகச் சேர்க்கும் நாளில்தான், ஒருத்தர் ஆயிரத்தில் எழுதியதை இன்னொருத்தர் லட்சத்தில் எழுதியது வெளியே வரும். அதற்காக ஆடிட்டரைத் திட்டுவதா?

பையன் விடவில்லை. தினசரி வேலைக்கு எல்டிஓ வேண்டாம், ஜனங்களுக்கு அனுப்பும் பதிப்புக்கு மட்டும் தின் எல்டிஓ, அளவைக் குறைக்கும் செட்டிங்கோடு சேர்த்து என்று ஓர் ஏற்பாடு. அளவு செட்டிங் ஏன் என்றால், இரண்டு வரி வேலையை எல்லா இடத்திலும் திணிக்கப் போய் ஆப் சில சமயம் குண்டாகவும் ஆகிவிடுமாம். அந்த ஏழு, எட்டு கட்டத் தகராறைத் தீர்க்க மட்டும் இரண்டு வாரம். அதற்கப்புறம் மேனேஜரும் சம்மதித்தார்.

பலன்? அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. கேமரா திறக்க அக்காவின் போன் இப்போதும் யோசிக்கிறது. ஆனால், எண்களைப் படிக்கும் நேரம் குறைந்திருக்கிறது. ஆப் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. போன அப்டேட்டுக்குப் பேத்தி போட்டோ எதையும் அழிக்கவில்லை என்று அக்கா சொன்னாள். அது ஏன் என்று அவளுக்குத் தெரியாது.

நான் யோசித்தது வேறு. மெஷின் வாடகை, காத்திருக்கும் நேரம், இரண்டு வாரச் சம்பளம் எல்லாம் கம்பெனியின் லெட்ஜரில் பற்று. வையம்பட்டியில் பன்னிரண்டு பெண்கள் கூட்டத்துக்குக் கூட்டம் வீணாக்கிய நிமிஷங்கள் எந்த லெட்ஜரில்? யாருமே எழுதுவதில்லை. எழுதாத செலவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கண்ணில் படாது. ஒரு கம்பெனி ஒரு தடவை செலவழிக்கத் தயங்குவதை, ஆயிரக்கணக்கான பேர் தினமும் துளித்துளியாகக் கட்டுகிறார்கள்.

மாற்றமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2019-ல் ஓப்பன்சூசே டம்பிள்வீட், 2020-ல் ஃபெடோரா, 2021-ல் உபுண்டு என்று லினக்ஸ் வகைகள் தங்கள் தொகுப்புகளை எல்டிஓவோடு தயாரிக்க ஆரம்பித்தன. யாராவது கேட்டால்தான் ஆன் செய்வது என்றிருந்ததை, வேண்டாமென்றால்தான் ஆஃப் செய்வது என்று திருப்பிப் போட்டார்கள். தயாரிக்கிறவர் செலவு, உபயோகிக்கிறவர் செலவு இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

அடுத்த முறை ஏதாவது ஆப் நின்றுபோய், 'உங்க போன் பழசு சார், மாத்திடுங்க' என்று யாராவது சொன்னால், உடனே கடைக்கு ஓடாதீர்கள். பழசாக இருக்கலாம்தான். எங்கோ ஒரு செட்டிங்கில் ஒரு வரி எழுதப்படாமலும் இருக்கலாம்.