குப்பைமேடும் மூணுல ஒரு பங்கும்

எங்க கீழ்பென்னாத்தூர் பக்கம் ஆடிப்பட்டத்துக்கு மல்லாட்டை போடறவங்க, அதுக்கு முன்னாடியே நிலத்துக்குக் குப்பை அடிச்சிடுவாங்க. என் ரெண்டு மாட்டுச் சாணி பத்தாது. அதனால பக்கத்துத் தெரு பெரியப்பாகிட்ட (சொந்தமில்லை, கூப்பிடற முறைதான்) அவர் களத்தோரம் சேர்த்து வச்சிருந்த எருவை விலை பேசினேன்.

ஆளுக்கொரு பக்கம் டேப்பைப் பிடிச்சு அளந்தோம். அடியில நீளம் 15 அடி, அகலம் 10 அடி. நாலு பக்கமும் சரிஞ்சு மேல கூராகுது. நடு உயரம் 6 அடி. மூணையும் பெருக்கினா 900 கன அடி.

“மேல கூம்பிப் போவுதுல்ல தம்பி, பாதின்னு வச்சுக்க” என்றார். எனக்கும் நியாயமாத்தான் பட்டது. 450 கன அடி, அதாவது நாலரை யூனிட். காசைக் கொடுத்துட்டேன்.

மறுநாள் டிராக்டர் கொண்டுபோனேன். டிப்பர்ல மட்டமா வாரினா ஒரு யூனிட், 100 கன அடி பிடிக்கும். மூணு நடையோட தரை தெரிஞ்சிடுச்சு. ஒன்றரை யூனிட் எங்கே? ராத்திரியோட ராத்திரியா வேற யாருக்கோ அள்ளிக் கொடுத்துட்டாருன்னு முடிவு பண்ணிட்டேன். டீக்கடையில அவர் கூப்பிட்டும் முகத்தைத் திருப்பிக்கிட்டு வந்தேன்.

அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது புலம்பினதை ஒன்பதாவது படிக்கிற பொண்ணு கேட்டுக்கிட்டிருந்தாள். “அப்பா, பாதிக் கணக்கு பட்டகத்துக்குத்தான் வரும். நீங்க வாங்கினது பிரமிடு” என்றாள்.

ரெண்டு பக்கம் மட்டும் சரியற ஓட்டு வீட்டுக் கூரையை நினைச்சுக்குங்க. அது படுக்க வச்ச முக்கோணப் பட்டகம். பாதி உயரத்துல அகலம் பாதியாகும், நீளம் அப்படியே இருக்கும். அதனால கொள்ளளவு பெட்டியில சரிபாதி. என் குப்பைமேடு நாலு பக்கமும் சரியுது. பாதி உயரத்துல நீளமும் பாதி, அகலமும் பாதி. அந்த இடத்துல பரப்பு கால்வாசிதான். அதனால மொத்தக் கொள்ளளவு பெட்டியில மூணுல ஒண்ணு. 900-ல 300. சரியா மூணு யூனிட்!

எனக்கு நம்பிக்கை வரலை. அட்டையை வெட்டி, ஒரே அடி, ஒரே உயரத்துல ஒரு பெட்டியும் ஒரு பிரமிடும் ஒட்டினாள். பிரமிடைக் கவிழ்த்து கேழ்வரகை நிரப்பிப் பெட்டியில கொட்டச் சொன்னாள். மூணு தடவை கொட்டினதும் பெட்டி ரொம்பிடுச்சு.

இன்னொண்ணும் சொன்னாள். மேடு மேல தட்டையா இருந்தா இந்தக் கணக்கும் ஒத்துவராது. திருவண்ணாமலை ராஜகோபுரத்தைப் பாருங்க. 217 அடி, 11 நிலை. மேல போகப்போக ஒடுங்கினாலும் நுனி கிடையாது. நுனி வெட்டின பிரமிடு மாதிரி. அதுக்கு மூணுல ஒண்ணைவிட அதிகமா வரும்.

விடிஞ்சதும் பெரியப்பா வீட்டுக்குப் போய், சந்தேகப்பட்டதையும் மறைக்காம சொன்னேன். திண்ணையில உட்கார்ந்து கேட்டவர், “அப்போ இத்தனை வருசமா நான் வித்ததெல்லாம்?” என்றார். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் உள்ளே போய் ஒன்றரை யூனிட் காசை எடுத்துவந்து நீட்டினார். பாதிதான் வாங்கிக்கிட்டேன். டேப்போட மறுமுனையைப் பிடிச்சவன் நானும்தானே.

அடுத்த தடவை டிப்பர் கணக்குலதான் பேசறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம்.