வொரண்டி அட்டையின் பின்பக்கம்



போன மாதம் எங்களுக்குச் சீட்டுக் காசு கிடைத்தது. 3 இலட்சம் ரூபா. மாதம் 12,500 படி 2 வருடம் சம்பளத்தில் இறுக்கிப் பிடித்துக் கட்டிய காசு. வந்த அன்றே பிள்ளைகள் தொடங்கிவிட்டார்கள்: "55 இஞ்சி டீவி!" எங்களுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. உம்மா மட்டும் சொன்னார்: "பெரிசு வேணா மகள். நாள்பட உழைக்கிறதாப் பாத்து எடுங்க."

உம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வாப்பா வாங்கிய பழைய பெட்டி டீவி 18 வருடம் ஓடியது. அதற்குப் பிறகு நாங்கள் வாங்கிய தட்டை டீவி ஓடியது 14 மாதம். வொரண்டி 12 மாதம். ஒரு நாள் இரவுச் செய்தியில் திரை கறுத்துப் போனது, சத்தம் மட்டும் வந்தது. வாப்பா மௌத்தான பிறகு, நாங்கள் இருவரும் பாடசாலைக்குப் போய்விட்டால் பகலில் உம்மாவுக்குத் துணை அந்த டீவிதான்.

திருத்துகிற தம்பி வந்து அறை லைட்டை அணைத்துவிட்டு, டோர்ச்சைத் திரைக்குக் கிட்டப் பிடித்தார். மங்கலாக ஆட்கள் அசைவது தெரிந்தது. "படம் இருக்கு டீச்சர். பின்னால எரியிற லைட்தான் போயிட்டு" என்றார். எல்ஈடி டீவியில் திரை தானாக ஒளிர்வதில்லையாம். பின்னால் இருக்கும் சிறிய லைட் பட்டிகள்தான் வெளிச்சம் தருகின்றன. வெளிச்சத்தை எப்போதும் உச்சத்தில் வைத்தால் அவை சூடாகிச் சீக்கிரம் போய்விடும். நாங்கள் கடையில் இருந்தபடியே வைத்திருந்தோம்! பட்டியை மாற்றலாம், ஆனால் திரை உடைந்தால் புது டீவி விலைக்குக் கிட்ட வந்துவிடும் என்றும் சொன்னார்.

இந்த முறை கல்முனையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடையில் 55 இஞ்சி 2,80,000. "3 வருட வொரண்டி" என்று கண்ணாடியில் பெரிதாக ஒட்டியிருந்தது. அட்டையைக் கேட்டு வாங்கிப் பின்பக்கத்தை வாசித்தோம். திரைக்கு 1 வருடம்தான். இடி மின்னல், கரண்ட் கூடிக் குறைவதால் வரும் பழுதுக்கு வொரண்டி இல்லை. "எங்க திருத்துவீங்க?" என்று கேட்டோம். "கொழும்புக்கு அனுப்பணும்" என்றார்கள்.

எங்கள் பக்கம் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரங்களில் இடி எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் பிளக்கைக் கழற்றினார்கள், டிஷ் வயரைக் கழற்றவில்லை. அந்த வயர் வழியாக வந்து போட் கருகிவிட்டது. 2022இல் 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில், திரும்ப வரும்போது சாமான் எரிந்த வீடுகளும் இருக்கின்றன. நம் வீடுகளில் பழுது வருவதே இப்படித்தான். அதற்குத்தான் அந்த அட்டையில் இடமில்லை.

எங்கள் தயக்கத்தைப் பார்த்துவிட்டு, "காசு முழுக்கத் தேவையில்ல, மாசம் 15,000 படி 24 மாசம் கட்டுங்க" என்றார்கள். கணக்குப் பார்த்தோம். 3,60,000. மேலதிகமாக 80,000. அதற்கு அவர்கள் என்ன பெயர் வைத்தாலும் எங்களுக்கு அது வட்டிதான். சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

ஒரே கம்பனியின் ஒரே மாடலில் ஒன்று 10 வருடம் ஓடும், இன்னொன்று அடுத்த வருடமே போகும். வாங்கும்போது அதை யாரும் அடித்துச் சொல்ல முடியாது. பழுதானால் யார் பொறுப்பு, எங்கே திருத்துவது என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியில் வேறொரு கடையில் 43 இஞ்சி எடுத்தோம். கைக்காசு. திரைக்கும் சேர்த்து 2 வருட வொரண்டி, ஏஜென்ட் முத்திரையோடு. சீரியல் இலக்கம் பெட்டியிலும் அட்டையிலும் ஒன்றா என்று பார்த்தோம். திருத்தும் இடம் ஊரிலேயே இருக்கிறது. மிஞ்சிய காசில் வயரிங் தம்பியைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்த்து, வோல்டேஜ் காட் ஒன்றும் போட்டோம். வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்தோம்.

பிள்ளைகளுக்கு இன்னும் முகம் கொஞ்சம் கறுப்புத்தான். நேற்றுப் பின்னேரம் தூரத்தில் இடி முழங்கியது. நாங்கள் எழும்ப முன்னமே உம்மா போய்ப் பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றி வைத்துவிட்டார்.

வாங்க நினைப்பவர்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் வீட்டு டீவி எத்தனை வருடம் உழைத்தது என்றும் சொல்லுங்கள்.